வாளி ஏந்தியவனும் வால்வைத் திறந்தவனும்

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஷிப்டு முடிந்து மில் வாசலுக்கு வரும்போது நம்மைச் சோதனை போடுகிறார்கள். சோற்றுத் தூக்கைத் திறந்து காட்டச் சொல்கிறார்கள். மடியில் ஒரு பிடி பஞ்சு இருந்தால் போதும். திருடன் என்ற பெயர், சஸ்பெண்டு, விசாரணை! அதே வாசல் வழியாக, "கழிவுப் பஞ்சு" என்று சீட்டு எழுதி, நல்ல பஞ்சுப் பேல்கள் லாரியில் போனால், வாட்ச்மேன் சலாம் போட்டு கேட்டைத் திறந்து விடுவார். களத்துமேட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? சிந்திய நெல்லை முந்தானையில் கூட்டி அள்ளிய கிழவிக்குத் திருட்டுப் பட்டம். மூட்டை மூட்டையாகக் கணக்கில் மறைத்தவருக்குக் கோயிலில் முதல் மரியாதை.

இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு, இப்போது நாம் சொல்லப்போவதைக் கேளுங்கள். பஞ்சைப் பற்றியோ நெல்லைப் பற்றியோ நாம் இன்று பேச வரவில்லை. கடல் கடந்த மெக்ஸிகோ நாட்டில் நடந்த பெட்ரோல் திருட்டைப் பற்றியும், அதை ஒழிக்க அந்நாட்டு சர்க்கார் செய்த முயற்சிகளைப் பற்றியும் பேசப்போகிறோம். எங்கோ இருக்கும் தேசத்தின் கதை நமக்கு எதற்கு என்று நினைக்காதீர்கள். அங்கே செத்தவர்கள் யார் என்று கேட்டால், அந்தக் கேள்வி உங்களுக்கு எழாது.

அந்த வெள்ளிக்கிழமை

2019-ம் ஆண்டு ஜனவரி 18-ந் தேதி, வெள்ளிக்கிழமை. மெக்ஸிகோவில் இதால்கோ என்ற மாகாணம். அதில் த்லாவெலில்பன் என்று ஒரு சிற்றூர். ஊருக்கு வெளியே குதிரைமசால் விளைந்த வயல். அந்த வயலுக்கு அடியில் டுக்ஸ்பன் துறைமுகத்திலிருந்து டூலா நகருக்குப் பெட்ரோல் கொண்டுபோகும் பெரிய குழாய் ஓடுகிறது. அதில் யாரோ துளை போட்டுவிட்டார்கள். பெட்ரோல் பீறிட்டு, ஆள் உயரத்துக்கும் மேலே ஊற்றாக எழும்பியது.

செய்தி ஊரெல்லாம் பரவியது. ஆண்கள், பெண்கள், வாலிபர்கள், சிறு பிள்ளைகள்கூட ஓடி வந்தார்கள். 600 பேர், 800 பேர் என்று கூட்டம் பெருகிற்று. கையில் வாளி, குடம், பிளாஸ்டிக் கேன்! அந்த மாதம் நாட்டில் பெட்ரோல் தட்டுப்பாடு. பங்க்குகளில் மணிக்கணக்கில் வரிசை. கண் முன்னே பெட்ரோல் வாய்க்காலாக ஓடுகிறது. ஒரு கேன் பிடித்தால் இரண்டு மூன்று நாள் கூலி மிச்சம். திருவிழாக் கூட்டம்போல அந்த வயல் நிறைந்தது.

ராணுவத்தார் சுமார் 25 பேர் அங்கே நின்றார்கள். போகாதே, ஆபத்து என்று தடுத்தார்கள். கூட்டம் கேட்கவில்லை. 25 பேர் 800 பேரை என்ன செய்ய முடியும்? மோதல் வேண்டாமென்று சிப்பாய்கள் ஒதுங்கி நின்றார்கள்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போய்க் கலைந்துவிடாது. தரையோடு தரையாக, வாய்க்கால் பள்ளங்களில் தங்கி நிற்கும். ஒரு சிறு பொறி போதும். உடம்பிலிருந்த செயற்கை நூல் துணிகள் உரசிய பொறியே காரணமாக இருந்திருக்கலாம் என்று பிறகு அந்நாட்டின் தலைமை அரசு வழக்கறிஞர் சொன்னார். எது பொறியோ, மாலை 6 மணி 52 நிமிஷத்துக்கு வயல் முழுவதும் தீயாயிற்று.

அந்த இடத்திலேயே கருகியவர்கள் பலர். ஆஸ்பத்திரிகளில் நாளுக்கு நாள் இறந்தவர்கள் பலர். மொத்தம் 137 பேர் மாண்டார்கள். தோழர்களே, அவர்கள் கொள்ளைக் கூட்டத்தின் தலைவர்கள் அல்ல. சுற்றுவட்டாரக் கிராமத்து ஜனங்கள். உங்களையும் எங்களையும் போன்றவர்கள்.

யாருடைய எண்ணெய்?

அந்தக் குழாயில் ஓடிய பெட்ரோல் யாருக்குச் சொந்தம்? கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஒரு காலத்தில் மெக்ஸிகோவின் எண்ணெய்க் கிணறுகள் ஆங்கிலேய, டச்சு, அமெரிக்கக் கம்பெனிகளின் கையில் இருந்தன. 1937-ல் எண்ணெய்த் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலை நிறுத்தம் செய்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. தொழிலாளர் பக்கம் தீர்ப்பு வந்தது. கம்பெனிகள் அந்தத் தீர்ப்புக்கும் தலை வணங்க மறுத்தன. 1938 மார்ச் 18-ந் தேதி ஜனாதிபதி லாசரோ கார்டெனாஸ் எண்ணெய்த் தொழிலையே தேசத்தின் சொத்தாக்கினார்.

நஷ்ட ஈடு கொடுக்கப் பணம் வேண்டுமே! அந்த ஏப்ரலில் தலைநகரில் பெண்கள் வரிசையில் நின்று காணிக்கை கொடுத்தார்கள். பணக்காரி நகை கொடுத்தாள். ஏழைக் குடியானவப் பெண் கோழி கொண்டுவந்து கொடுத்தாள். அப்படி மீட்ட எண்ணெய் அது. அதை நடத்துவதற்காக ஏற்பட்ட அரசாங்க ஸ்தாபனத்தின் பெயர் பெமெக்ஸ். பிற்காலத்தில் சர்க்கார் வருவாயில் மூன்றில் ஒரு பங்கு வரை அந்த எண்ணெயிலிருந்து வந்ததுண்டு. பள்ளிக்கூடமும் ரோடும் ஆஸ்பத்திரியும் அதிலிருந்து எழுந்தன.

ஆகவே ஒரு விஷயத்தை ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிடுகிறோம். அந்தக் குழாயில் துளை போடுவது பணக்காரன் வீட்டில் கை வைப்பதல்ல. கோழி கொடுத்த அந்தப் பெண்ணின் வீட்டில் கை வைப்பது. ஏழை செய்கிறான் என்பதற்காக அது நல்ல காரியம் ஆகிவிடாது. ஆனால் துளை போடுபவன் யார் என்று கேட்க வேண்டாமா?

துளை போடுவது எளிதா?

பூமிக்கு அடியில் அழுத்தத்தோடு ஓடும் குழாய் அது. ஒரே குழாயில் ஒரு சமயம் பெட்ரோல், இன்னொரு சமயம் டீசல் என்று மாற்றி மாற்றி அனுப்புவார்கள். எந்த நேரத்தில் எந்தச் சரக்கு வருகிறது, எவ்வளவு அழுத்தம், எந்த இடத்தில் ஆழம் குறைவு, இதெல்லாம் தெரிந்தவன்தான் கிளை வால்வைப் பற்றவைத்துத் துளை போட முடியும். தெரியாதவன் போட்டால் அங்கேயே சாவான். கூலிக்குக் களை எடுப்பவனுக்கு இந்தச் சூத்திரம் தெரியுமா? உள்ளே இருப்பவன் சொல்லிக் கொடுக்காமல் இது நடக்காது.

திருடிய பெட்ரோலுக்கு அங்கே வாச்சிகோல் என்று பெயர். கலப்படச் சாராயத்துக்கு வழங்கிய பெயர் அது என்பார்கள். பிறகு திருட்டுப் பெட்ரோலுக்கு ஒட்டிக்கொண்டது. வறண்ட ஊர்களில், காய்கறி பயிரிட்டு விலை கிடைக்காத குடியானவர்களின் பிள்ளைகளைக் கூலி கொடுத்து இழுத்தார்கள். ஒருவன் காவல் பார்க்க, ஒருவன் கேன் தூக்க, ஒருவன் லாரி ஓட்ட. துப்பாக்கி ஏந்திய கும்பல்கள் மேலே உட்கார்ந்தன. பியூப்லா மாகாணத்தில் சான் மார்த்தின் டெக்ஸ்மெலூகன் என்ற ஊரில் 2010 டிசம்பர் 19-ந் தேதி இப்படித் துளை போட்ட குழாய் வெடித்து, எண்ணெய் தெருவில் ஆறாக ஓடிப் பற்றி எரிந்தது. 28 பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட அதில் உண்டு. அப்போதே விழித்திருக்க வேண்டாமா? விழிக்கவில்லை.

2017 ஜனவரியில் சர்க்கார் பெட்ரோல் விலையை ஒரே அடியாக 20 சதவிகிதம் வரை உயர்த்தியது. நாடெங்கும் ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. விலை ஏற ஏறத் திருட்டுச் சரக்குக்குக் கிராக்கியும் ஏறிற்று. 2017-ல் 10,000-த்துக்கு மேல் கள்ளத் துளைகள். 2018-ல் ஏறக்குறைய 15,000! 2019 தொடக்கத்தில் அந்நாட்டின் பெரும்பகுதியில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி நாள் ஒன்றுக்கு 102 பெசோ 68 காசு. பெட்ரோல் லிட்டர் ஏறத்தாழ 20 பெசோ. நாள் முழுவதும் உழைத்தால் ஐந்து லிட்டர்! இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால், அந்த வயலுக்கு ஜனங்கள் ஏன் ஓடினார்கள் என்பது விளங்கும்.

சர்க்கார் என்ன செய்தது?

2018 டிசம்பரில் ஆந்த்ரேஸ் மானுவேல் லோபஸ் ஒப்ரதோர் ஜனாதிபதி ஆனார். பதவி ஏற்ற மாதமே இந்தக் கொள்ளைமீது போர் அறிவித்தார். வருஷத்துக்குச் சுமார் 6,000 கோடி பெசோ நஷ்டம் என்று சர்க்கார் கணக்குச் சொன்னது. 2018-ல் நாள் ஒன்றுக்கு 56,000 பீப்பாய் திருட்டுப் போயிற்று. பீப்பாய்க்கு 159 லிட்டர் என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள்: ஏறக்குறைய 89 லட்சம் லிட்டர். தினமும் 600 டாங்கர் லாரி!

இதில் முக்கியமான வார்த்தை ஒன்றையும் அவர் சொன்னார். குழாயில் துளை போட்டுத் திருடுவது ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். அது ஒரு திரை. பெரும்பகுதி அதிகாரிகளின் உடந்தையோடு நடக்கிறது என்று கருதுவதாகக் கூறினார். ஒரு நாட்டின் ஜனாதிபதியே இப்படிச் சொன்னதை மறந்துவிடாதீர்கள்.

நடவடிக்கைகள் வருமாறு. சுமார் 4,000 ராணுவ, கடற்படைச் சிப்பாய்களைச் சுத்திகரிப்பு ஆலைகளிலும் கிடங்குகளிலும் குழாய் நிலையங்களிலும் நிறுத்தினார்கள். குழாய் அழுத்தத்தைக் கவனிக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் ராணுவத்தாரை அனுப்பினார்கள். பெரிய குழாய்கள் பலவற்றை மூடி, பெட்ரோலை லாரியில் அனுப்பினார்கள். லாரி போதவில்லை. 2019 ஜனவரியில் தலைநகரிலும் பல மாகாணங்களிலும் பங்க்குகள் வறண்டன. அவசரமாக 571 டாங்கர் லாரிகளை அமெரிக்காவில் வாங்கினார்கள். டிரைவர்களை வேலைக்கு எடுத்தார்கள். ஜனங்கள் சிரமப்பட்டார்கள், ஆனாலும் பெரும்பாலோர் இந்த நடவடிக்கையை ஆதரித்தார்கள் என்று அப்போது பத்திரிகைகள் எடுத்த கணக்கெடுப்புகள் காட்டின. கொள்ளையை ஒழிக்கிறேன் என்று யாராவது நிஜமாகவே கிளம்பினால், உழைக்கும் ஜனங்கள் கஷ்டத்தைப் பொறுத்துக்கொள்வார்கள். இது எங்கும் கண்ட உண்மை.

த்லாவெலில்பன் தீக்குப் பிறகு இன்னும் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று, குழாய் ஓடும் 91 வட்டாரங்களில் முதியோர், ஊனமுற்றோர், மாணவர், விவசாயிகளுக்கு உதவித் தொகை கொடுக்க 380 கோடி பெசோவுக்கு மேல் ஒதுக்கித் திட்டம் அறிவித்தார்கள். வயிறு நிறைந்தால் திருட்டுக்கு ஆள் கிடைக்காது என்ற எண்ணம், நல்ல எண்ணம். இரண்டு, 2019 ஏப்ரலில் அரசியல் சட்டத்தையே திருத்தி, எண்ணெய்த் திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டவரை விசாரணை முடியும்வரை ஜாமீனில்லாமல் சிறையில் வைக்க வழி செய்தார்கள்.

இதை எல்லாம் நாம் குறைத்துப் பேசவில்லை. கூட்டத்தின்மீது சுடாதே என்ற சர்க்காரை நாம் மதிக்கிறோம். திருட்டுப் போன அளவு வெகுவாகக் குறைந்தது என்று சர்க்கார் கணக்கு 2019-ல் சொன்னது. நாள் ஒன்றுக்குச் சுமார் 5,000 பீப்பாய்க்கு இறங்கிற்றாம். குவானாஹ்வாத்தோ மாகாணத்தில் எண்ணெய்த் திருட்டில் கொழுத்த கும்பலின் தலைவனை 2020 ஆகஸ்டில் பிடித்தார்கள். இவ்வளவும் மெய்.

ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். கள்ளத் துளைகள் ஒழிந்தனவா? இல்லை. அடுத்து வந்த வருஷங்களிலும் பத்தாயிரத்துக்கு மேல் என்றே எண்ணிக்கை நின்றது. சிப்பாய் நிற்கும் இடத்தில் துளை இல்லை. அவன் நகர்ந்த இடத்தில் துளை! ஆயிரக்கணக்கான மைல் குழாய்க்கு அடிக்கு ஒரு சிப்பாயை எந்த சர்க்கார் நிறுத்த முடியும்?

நான்கு மணி நேரம்

இன்னொரு கேள்வி நம் நெஞ்சை அறுக்கிறது. த்லாவெலில்பன் வயலில் துளையை ராணுவத்தார் கண்டது பிற்பகல் இரண்டரை மணி அளவில். தீப்பிடித்தது மாலை 6.52-க்கு. நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி! அந்தக் குழாயை மூடி வைத்திருந்து, சில நாட்களுக்கு முன்புதான் மீண்டும் திறந்திருந்தார்கள். அடிக்கடி துளை விழுந்த குழாய் என்பதும் தெரியும். அந்த நான்கு மணி நேரத்தில் பெட்ரோல் ஓட்டத்தை நிறுத்தும் வால்வை ஏன் உரிய நேரத்தில் மூடவில்லை? தீப்பிடிக்கும் முன்பே ஓட்டம் வற்றியிருந்தால், வாளியோடு வந்தவர்கள் வெறும் வாளியோடு வீடு திரும்பியிருப்பார்கள். 137 குடும்பங்களில் ஒப்பாரி எழுந்திருக்காது.

மில்லில் வேலை செய்யும் தோழர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். மெஷினில் கை மாட்டிக்கொண்டால் முதலில் ஸ்விட்சை நிறுத்துவார்களா, அல்லது கை மாட்டியவனைத் திட்டுவார்களா? முதலில் ஸ்விட்ச்! உயிர் முதலில், சரக்கு பிறகு. இந்தச் சட்டம் அந்தக் குழாய்க்கு இல்லாமல் போயிற்று.

கூட்டிக் கழித்துப் பார்ப்போம்

அன்று அந்த வயலுக்கு வந்த 800 பேரும் ஆளுக்கு 40 லிட்டர் பிடித்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். மொத்தம் 32,000 லிட்டர். இரண்டு டாங்கர் லாரி! ஆனால் நாட்டில் தினமும் திருட்டுப் போனது 600 லாரி. அந்த மற்ற 598 லாரியை எந்த வாளியில் பிடித்தார்கள், தோழர்களே? லாரி ஓட ரோடு வேண்டும். ரோட்டில் சோதனைச் சாவடி உண்டு. இறக்கிவைக்கக் கிடங்கு வேண்டும். கிடங்குக்கு லைசென்சு உண்டு. விற்க பங்க் வேண்டும். பங்க்குக்கு இன்ஸ்பெக்டர் உண்டு. வாளி ஏந்தியவனுக்கு லைசென்சும் இல்லை, ரசீதுப் புத்தகமும் இல்லை!

கப்பலில் வந்த கொள்ளை

குழாயில் காவல் போட்டதும் பெரிய கொள்ளைக்காரர்கள் சும்மா இருந்தார்களா? துறைமுகத்துக்குப் போனார்கள். அமெரிக்காவிலிருந்து கப்பலில் டீசல் வரும். டீசலுக்கு வரி அதிகம். ஆகவே காகிதத்தில் "மசகு எண்ணெய்க்கான சேர்மானம்" என்று எழுதிவிடுவார்கள். வரி இல்லை! நல்ல பஞ்சைக் கழிவுப் பஞ்சு என்று எழுதிய அதே வித்தைதான். இதை அங்கே வரி வாச்சிகோல் என்கிறார்கள்.

2025 மார்ச் மாதம் டாம்பிகோ துறைமுகத்தில் ஒரு கப்பல் சரக்கைப் பிடித்தார்கள். ஒரு கோடி லிட்டர் டீசல்! 2018-ல் நாடு முழுவதும் ஒரு நாளில் திருட்டுப் போனதே 89 லட்சம் லிட்டர் என்று சொன்னோம். ஒரே ஒரு கப்பல் அதைத் தாண்டிவிட்டது. இதற்கு மண்வெட்டி வேண்டாம், வாளி வேண்டாம், இருட்டு வேண்டாம். ஒரு பேனாவும் ஒரு ரப்பர் ஸ்டாம்பும் போதும்.

அந்தத் துறைமுகங்களின் நிர்வாகம் யார் கையில் இருந்தது? லஞ்சத்தை ஒழிக்க வேண்டுமென்று 2021-ல் துறைமுகங்களைக் கடற்படையிடமே ஒப்படைத்திருந்தார்கள். 2025 செப்டம்பரில் ஜனாதிபதி க்ளாவ்தியா ஷைன்பாமின் சர்க்கார் இந்த விவகாரத்தில் 14 பேரைக் கைது செய்ததாக அறிவித்தது. கடற்படையின் துணை அட்மிரல் ஒருவர் அதில் உண்டு. சுங்க இலாகாவில் இருந்தவர்கள் உண்டு. வியாபாரிகள் உண்டு. அதற்கு முன்பே, பெமெக்ஸின் குழாய்களைக் காக்கும் பிரிவுக்குத் தலைவராக இருந்த ஓய்வுபெற்ற ராணுவ ஜெனரல் ஒருவர்மீது, திருட்டுக்கு உடந்தை என்று வழக்குத் தொடுத்து, 2021-ல் கனடாவில் அவரைப் பிடித்தார்கள். அவர் குற்றத்தை மறுத்தார். தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் வேலியே பயிரை மேய்ந்ததா என்ற சந்தேகம் வந்த பிறகு, இன்னொரு வேலி போட்டால் மட்டும் பயிர் பிழைக்குமா?

தன் கடற்படை அதிகாரியையே பிடித்த சர்க்காரைப் பாராட்டுகிறோம். வாளியை விட்டு வால்வுக்கு விசாரணை வந்த நாள் அது. ஆனால் 2019-க்கும் 2025-க்கும் நடுவே எத்தனை கப்பல்கள் வந்து போயினவோ!

சங்கம் கண் மூடினால்

நம்மவர்களின் குற்றத்தையும் மறைக்கக் கூடாது. 1937-ல் கம்பெனிகளை எதிர்த்து நின்ற எண்ணெய்த் தொழிலாளர்களின் சங்கம் பிற்காலத்தில் என்ன ஆயிற்று? 1993 முதல் ஒரே தலைவர் 26 வருஷம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஊழல் விசாரணை நெருங்கிய பிறகு, 2019 அக்டோபரில் ராஜினாமா செய்தார். உறுப்பினர்கள் கணக்குக் கேட்டால் வேலை போய்விடும் என்று பயந்த காலம் அது. குழாயின் அழுத்தம் குறைவதை முதலில் காண்பவன் தொழிலாளி. இரவில் நம்பர் இல்லாத லாரி நிரப்புவதை முதலில் காண்பவனும் தொழிலாளி. அவனுக்குத் தைரியம் கொடுக்க வேண்டிய சங்கம் வாய் மூடிக் கிடந்தால், 4,000 சிப்பாய் வந்தும் என்ன பயன்?

நாம் சொல்ல வந்தது இவ்வளவே. பொதுச் சொத்தைக் காப்பதற்கு ராணுவம் வேண்டாம் என்று சொல்லவில்லை. சட்டம் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆனால் காவல் கீழிருந்து மேலே போக வேண்டும். எவ்வளவு சரக்கு உள்ளே வந்தது, எவ்வளவு வெளியே போயிற்று என்ற கணக்கு தொழிலாளியின் கண் முன்னே திறந்து கிடக்க வேண்டும். தவறைச் சுட்டிக்காட்டுபவனுக்கு வேலைக்குப் பாதுகாப்பு வேண்டும். ஒரு நாள் கூலிக்கு ஐந்து லிட்டர் என்ற நிலை மாற வேண்டும். ஆபத்து என்றால் முதலில் வால்வை மூட வேண்டும், பிறகு விசாரணை.

த்லாவெலில்பன் வயலில், பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் சிலுவைகளை நட்டு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். டாம்பிகோவில் வந்த கப்பலுக்காக ஒரு சிலுவையும் நடப்படவில்லை. அதில் சம்பாதித்தவர்கள்தான் உண்டு.

நாளைக் காலை மில் வாசலில் உங்கள் சோற்றுத் தூக்கைத் திறந்து காட்டச் சொல்வார்கள். காட்டுங்கள், தோழர்களே. நம்மிடம் ஒளிக்க ஒன்றுமில்லை. காட்டிவிட்டு, அந்த லாரியின் சீட்டையும் எங்களுக்குக் காட்டு என்று ஒன்றுகூடிக் கேளுங்கள்!